சிக்கனக் கார்களில் பிரேக் மேம்பாடு: மினி காரை முன்வைத்து ஒரு வரலாறு

சிக்கனக் கார் என்பது குறைந்த விலை, குறைந்த எரிபொருள் செலவு ஆகியவற்றை நோக்கமாகக் கொண்டு நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்காக உருவாக்கப்பட்ட சிறிய காரைக் குறிக்கும். அமெரிக்காவின் ஃபோர்டு மாடல் டி, இங்கிலாந்தின் ஆஸ்டின் 7, மினி, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், இந்தியாவின் மாருதி 800, டாட்டா நானோ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கார்களின் எஞ்சின், வடிவம், விலை ஆகியவை பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவற்றின் பிரேக் பற்றி எழுதப்படவில்லை. சிறந்த பிரேக் அமைப்புகள் பல, கண்டுபிடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மலிவு விலைக் கார்களை அடைந்தன. இந்தத் தாமதத்துக்கு அறிவியல் அறிவின் குறைவு காரணமன்று. விலை, சந்தைப் போட்டி, சட்டம் ஆகியவையே அதைத் தீர்மானித்தன. மினி காரின் வரலாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

பிரேக்கின் வேலை

ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் உள்ளது. பிரேக் அந்த ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். உலர்ந்த நல்ல சாலையில் ஒரு காரின் எதிர்முடுக்கம் 7 மீ/வி² என்று கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 14 மீட்டர் சென்று நிற்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே காருக்கு ஏறத்தாழ 55 மீட்டர் தேவைப்படும்.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்கின்றன. பின்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. எனவே நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன்சக்கரப் பிரேக்குகளே செய்கின்றன. பின்சக்கரங்களில் தேவைக்கு மேல் பிரேக் விழுந்தால் அவை பூட்டிக்கொண்டு வழுக்கும். காரின் பின்பகுதி பக்கவாட்டில் சுழன்றுவிடும். பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் பலவற்றின் அடிப்படை இவ்வுண்மையே.

தொடக்க காலம்

இன்று வழங்கும் இரண்டு முக்கிய பிரேக் வகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. பிரான்சைச் சேர்ந்த லூயி ரெனோ 1902ஆம் ஆண்டில் டிரம் பிரேக்கை உருவாக்கினார். சக்கரத்தோடு சுழலும் உருளை வடிவ டிரம்மின் உட்பக்கத்தில், பிறை வடிவமுள்ள இரண்டு ஷூக்கள் விரிந்து உரசுவது இதன் அமைப்பு. அதே 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிப்பது இம்முறை. அப்போது உராய்வுக்குப் பயன்பட்ட செம்பு விரைவில் தேய்ந்ததுடன் கிறீச்சென்ற ஒலியையும் எழுப்பியது. எனவே டிரம் பிரேக்கே அடுத்த ஐம்பது ஆண்டுகள் கார் உலகை ஆண்டது.

1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில் முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லை. ஓட்டுநரின் வலது மிதி கியர் பெட்டிக்குள் இருந்த ஒரு பட்டையை இறுக்கியது. கை நெம்புகோல் பின்சக்கர டிரம்களை இயக்கியது. 20 குதிரைத்திறன் எஞ்சினும் மண் சாலையும் இருந்த காலத்தில் இது போதுமானதாகக் கருதப்பட்டது. 1927 டிசம்பரில் வந்த மாடல் ஏ காரில்தான் ஃபோர்டு நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் அளித்தது.

இங்கிலாந்தில் 1922இல் அறிமுகமான ஆஸ்டின் 7 நான்கு சக்கரப் பிரேக்குடனேயே வந்தது. ஆனால் கால்மிதி பின்சக்கரங்களையும், கை பிரேக் முன்சக்கரங்களையும் தனித்தனியே இயக்கின. அவசரத்தில் முழு ஆற்றலோடு நிறுத்த வேண்டுமானால் ஓட்டுநர் காலையும் கையையும் ஒருசேரப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1930இல்தான் இரண்டும் இணைக்கப்பட்டு, ஒரே மிதியில் நான்கு சக்கரங்களும் நின்றன.

கம்பியிலிருந்து திரவத்துக்கு

தொடக்க காலப் பிரேக்குகள் கம்பி, இரும்புத் தண்டு ஆகியவற்றால் இயங்கின. கம்பிகள் நாளடைவில் நீண்டுவிடும். ஒரு சக்கரத்தின் கம்பி தளர்ந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். நான்கையும் சமமாக வைத்திருக்க அடிக்கடி சரிசெய்ய வேண்டும்.

அமெரிக்கரான மால்கம் லாகீட் இதற்குத் தீர்வு கண்டார். அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் பாஸ்கல் விதி. மிதியின் அழுத்தத்தைக் குழாய்களில் உள்ள திரவத்தின் வழியே கொண்டுசென்றால் நான்கு சக்கரங்களுக்கும் அது தானாகவே சீராகப் பகிரப்படும். 1917இல் காப்புரிமை பெற்ற இந்த ஹைட்ராலிக் முறை, 1921இல் டூசன்பர்க் மாடல் ஏ என்ற விலையுயர்ந்த காரில் நான்கு சக்கரங்களுக்கும் பொருத்தப்பட்டது.

மலிவு விலைக் கார்களில் இம்முறையை முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, கிறைஸ்லர் நிறுவனம் 1928இல் வெளியிட்ட பிளைமவுத் கார். அதை ஒரு விற்பனைச் சிறப்பாகவே அந்நிறுவனம் முன்வைத்தது. போட்டியாளரான செவ்ரோலெட் 1936இல் இம்முறைக்கு மாறியது. இரும்புத் தண்டே நம்பகமானது என்று விளம்பரம் செய்துவந்த ஃபோர்டு 1939ஆம் ஆண்டு மாடலில்தான் மாறியது. விலை சற்றேறக்குறைய ஒன்றான மூன்று கார்களுக்கு இடையே பத்தாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கதை இன்னும் தெளிவானது. 1950இல் அதன் ஏற்றுமதி மாடலுக்கு ஹைட்ராலிக் பிரேக் கிடைத்தது. விலை குறைந்த அடிப்படை மாடலோ 1962 வரை கம்பிப் பிரேக்குடனேயே விற்கப்பட்டது. ஒரே தொழிற்சாலையில் உருவான இரண்டு கார்களில், கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கிடைத்த பிரேக் மற்றவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

டிரம் பிரேக்கின் குறையும் டிஸ்க் பிரேக்கின் வரவும்

மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரிவடைகிறது. விரியும் டிரம் உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகுகிறது; மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும். ஷூவின் லைனிங்கும் வெப்பத்தால் உராய்வுத்திறனை இழக்கிறது. மூடிய அமைப்பு என்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. இந்த வெப்பத் தளர்ச்சியே டிரம் பிரேக்கின் பெருங்குறை.

டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றில் திறந்து சுழல்கிறது. சூடேறினால் தட்டு பேடுகளை நோக்கியே விரிகிறது. மழைநீரும் சுழற்சியால் தெறித்துவிடுகிறது. இதன் ஆற்றலை உலகுக்குக் காட்டியது பந்தயக் களம். 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்ட ஜாகுவார் சி டைப் கார் வென்றது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடிக்க முடிந்தது அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம். 1955இல் சிட்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கர டிஸ்க் பிரேக்குடன் பெரும் எண்ணிக்கையில் உற்பத்திக்கு வந்தது. ஆனால் அது எளியோரின் கார் அன்று.

மினியும் மினி கூப்பரும்

1959 ஆகஸ்டு 26 அன்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மினி காரை வெளியிட்டது. வரியுடன் அதன் விலை சுமார் 497 பவுண்டு. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், நான்கு பேர் அமரும் இடத்தை மிகச் சிறிய உடலுக்குள் அடக்கினார். 848 கன செ.மீ. எஞ்சினைக் குறுக்காக வைத்தார். சக்கரங்களை வெறும் 10 அங்குலமாகச் சுருக்கினார். பெரிய சக்கரம் எடுத்துக்கொள்ளும் இடம் பயணிகளுக்குக் கிடைத்தது.

இந்த முடிவு பிரேக்கையும் கட்டுப்படுத்தியது. பிரேக் சக்கரத்துக்குள் அடங்க வேண்டும். எனவே டிரம்மின் விட்டம் 7 அங்குலம்தான் இருக்க முடிந்தது. எஞ்சின் முன்னால் இருந்ததால் காரின் பின்பகுதி மிக இலேசானது. பின்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றுக்குச் செல்லும் திரவ அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வால்வு பொருத்தப்பட்டது. 34 குதிரைத்திறனும் மணிக்குச் சுமார் 115 கிலோமீட்டர் உச்ச வேகமும் கொண்ட காருக்கு இந்த அமைப்பு ஒருவாறு போதுமானதாக இருந்தது.

ஃபார்முலா 1 பந்தயக் கார்களை உருவாக்கி 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தயாரிப்பாளர் பட்டம் வென்றவர் ஜான் கூப்பர். மினி வளைவுகளில் திரும்பும் விதத்தைக் கண்ட அவர், அதை வேகமான காராக மாற்றலாம் என்று நிறுவனத்திடம் எடுத்துரைத்தார். சாதாரண மக்களின் காராக மினியைக் கருதிய இசிகோனிசுக்கு இதில் முதலில் ஆர்வமில்லை. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் ஹாரிமன் 1000 கார்களுக்கு மட்டும் ஒப்புதல் தந்தார். 1961இல் 997 கன செ.மீ. எஞ்சினும் 55 குதிரைத்திறனும் கொண்ட மினி கூப்பர் பிறந்தது.

கூப்பரின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 137 கிலோமீட்டர். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆனால் இருமடிக் கணக்கின்படி, உச்ச வேகத்திலிருந்து காரை நிறுத்தும்போது வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிட்டது. பழைய டிரம் இதைத் தாங்காது. எனவே லாக்கீட் நிறுவனத்தின் 7 அங்குல டிஸ்க் பிரேக்குகள் முன்சக்கரங்களில் பொருத்தப்பட்டன. 10 அங்குலச் சக்கரத்துக்குள் டிஸ்க் பிரேக்கை அடக்கியது அன்று பெரிய பொறியியல் சாதனை.

ஆயினும் அத்தனை சிறிய தட்டு கடுமையான ஓட்டத்தில் விரைவில் சூடேறியது. டிஸ்க் பிரேக்குக்கு இன்னொரு தன்மையும் உண்டு. டிரம் பிரேக்கில் ஒரு ஷூ சக்கரத்தின் சுழற்சியாலேயே உள்ளே இழுக்கப்பட்டுத் தானாக இறுகுகிறது. டிஸ்க் பிரேக்கில் இந்த உதவி கிடையாது. மிதியை அதிக விசையுடன் அழுத்த வேண்டும். 1963இல் வந்த 1071 கன செ.மீ. கூப்பர் எஸ் மாடலில் இவ்விரண்டு குறைகளும் சரிசெய்யப்பட்டன. தட்டு 7.5 அங்குலமானது, எஞ்சினின் வெற்றிட இழுவிசையைக் கொண்டு ஓட்டுநரின் கால் விசையைப் பெருக்கும் சர்வோவும் சேர்ந்தது. மினி கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றன. பனி மூடிய ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் தம்மைவிட ஆற்றல் மிக்க கார்களை அவை முந்தின. அவ்வெற்றியில் எஞ்சினுக்கு உள்ள பங்கு பிரேக்குக்கும் உண்டு.

சாதாரண மினிக்கு என்ன கிடைத்தது?

கூப்பர் புகழ் பெற்றபோதும் சாதாரண மினியை வாங்கிய குடும்பங்களுக்கு டிரம் பிரேக்கே தொடர்ந்தது. 1964இல் முன்சக்கர டிரம்களில் இரண்டு ஷூக்களுமே தானாக இறுகும்படி மாற்றியமைக்கப்பட்டன. இது நல்ல முன்னேற்றமே. ஆனால் வெப்பத் தளர்ச்சி நீங்கவில்லை. 1969இல் வந்த 1275 ஜி.டி. மாடலுக்கு 7.5 அங்குல டிஸ்க் கிடைத்தது. 1974இல் அதே மாடலின் சக்கரம் 12 அங்குலமாகவும் தட்டு 8.4 அங்குலமாகவும் வளர்ந்தன. சாதாரண மினிக்கு 12 அங்குலச் சக்கரமும் 8.4 அங்குல டிஸ்க் பிரேக்கும் 1984இல்தான் வந்தன. அதாவது கூப்பருக்குக் கிடைத்து 23 ஆண்டுகளும், அதே அளவுத் தட்டு ஜி.டி.க்குக் கிடைத்து பத்து ஆண்டுகளும் கழிந்திருந்தன. பொறியாளர்கள், தொழில்நுட்பம், தொழிற்சாலை ஆகிய அனைத்தும் இருந்தும் இத்தனை காலம் பிடித்தது.

அதே காலத்தில் வேறு சிலர் வேறு வழியில் சென்றனர். 956 கன செ.மீ. எஞ்சினுடன் 1962இல் வெளிவந்த ரெனோ 8 என்ற சிறிய குடும்பக் கார் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பெற்றிருந்தது. 1966இல் ஃபியட் 124 அதைப் பின்பற்றியது. நிறுவனம் விரும்பினால் சிக்கனக் காருக்கும் சிறந்த பிரேக் தர முடியும் என்பதை இவை காட்டின.

டிஸ்க் பிரேக்கே எவ்விடத்தும் சிறந்தது என்றும் கொள்ளலாகாது. ஃபியட் 124ஐ அடிப்படையாகக் கொண்டு சோவியத் ஒன்றியம் 1970இல் வாஸ் 2101 காரை உருவாக்கியபோது, பின்சக்கர டிஸ்க்கை நீக்கி டிரம் பிரேக்கைப் பொருத்தியது. சேறும் புழுதியும் நிறைந்த அந்நாட்டுச் சாலைகளில், மூடிய டிரம்மே நெடுநாள் உழைத்தது.

சட்டத்தின் பங்கு

தொடக்க கால ஹைட்ராலிக் அமைப்பில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே திரவப் பாதை இருந்தது. ஒரு குழாய் உடைந்தால் நான்கு பிரேக்கும் ஒருசேர இழக்கப்படும். பாதையை இரண்டாகப் பிரித்தால், ஒன்று பழுதானாலும் மற்றது காரை நிறுத்தும். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அந்நாட்டில் விற்க விரும்பிய வெளிநாட்டுச் சிறிய கார்களும் இதற்கு இணங்க வேண்டியதாயிற்று.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் இதே வழியில் பயணித்தது. போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. 1986இல் ஃபோர்டு எஸ்கார்ட் என்ற குடும்பக் காருக்கு, லூகாஸ் கெர்லிங் நிறுவனம் பெல்ட்டால் இயங்கும் எளிய இயந்திர வடிவத்தை உருவாக்கித் தந்தது. விலையைக் குறைக்க எடுக்கப்பட்ட நல்ல முயற்சி அது. ஆயினும் எல்லாக் கார்களுக்கும் அது பொதுவாக, ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் ஒட்டுமொத்தமாக உறுதியளிக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டே புகழ் பெற்றன. பிரேக் உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சியில் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் அமைந்தது.

மாருதி 800 காரின் பிந்தைய வடிவங்கள் மூலம், முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் என்ற அமைப்பு இந்தியக் குடும்பங்களுக்குப் பழக்கமானது. பின்சக்கரத்தில் டிரம் நீடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே விழும் சுமை குறைவு, கை பிரேக்கை இணைப்பது எளிது, விலையும் குறைவு.

ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என்ற அறிவிப்புடன் 2009 மார்ச்சில் டாட்டா நானோ வெளியானபோது, அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. 600 கிலோகிராம் எடையும் மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர் வேகமும் கொண்ட காருக்கு அது போதும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. மினியின் வடிவமைப்பாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கும் இதுவே. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதன்பின் மிகக் குறைந்த விலைக் காரை வாங்குபவருக்கும் இந்தப் பாதுகாப்பு உறுதியாயிற்று.

பழைய கார்களில் பிரேக்கை மேம்படுத்துதல்

சாதாரண மினியை வைத்திருந்த பலர், கூப்பர் எஸ் காரின் 7.5 அங்குல டிஸ்க்கை வாங்கித் தம் கார்களில் பொருத்திக்கொண்டனர். 8.4 அங்குலத் தட்டு வேண்டுமென்றால் சக்கரத்தையே 12 அங்குலமாக மாற்ற வேண்டும். இந்த அனுபவம் சில பொதுப் பாடங்களைத் தருகிறது.

முதலாவது, காரை இறுதியில் நிறுத்துவது சாலையைப் பற்றும் டயர். தேய்ந்த டயர் வழுக்கத் தொடங்கிவிட்டால் எத்தனை பெரிய தட்டும் பயன்படாது. இரண்டாவது, சமநிலை. முன்பிரேக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் பழைய பங்கீடு கெட்டுவிடும். மூன்றாவது, பராமரிப்பு. வழக்கமான பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த ஆயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவிக் குமிழ்களை உண்டாக்கும். அப்போது மிதி பஞ்சுபோல் அமுங்கும். பழைய ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதும், தரமான பேடுகளைப் போடுவதும், நல்ல டயரும் சேர்ந்தாலே ஒரு சிக்கனக் காரின் பிரேக் பெருமளவு மேம்படும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

மதிப்பீடு

சிக்கனக் காரின் பிரேக் மூன்று வழிகளில் மேம்பட்டுள்ளது. பந்தயக் களம் புதிய அமைப்பின் ஆற்றலை மெய்ப்பித்தது. போட்டி நிறுவனம் அதே விலையில் சிறந்த பிரேக் தந்தபோது மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். இவ்விரண்டும் போதாத இடத்தில் சட்டம் கட்டாயப்படுத்தியது. எஞ்சினின் வேகத்தை வாங்குபவர் ஓட்டிப் பார்த்த முதல் நாளிலேயே உணர்கிறார். பிரேக்கின் தரத்தை ஆபத்து நேரும்போதுதான் அறிகிறார். விலை குறைக்க வேண்டிய இடத்தில் பிரேக் பின்னுக்குத் தள்ளப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். குறைந்த விலைக் காரில் செல்வோரும் அதே சாலையில், அதே பேருந்து, லாரிகளுக்கு நடுவே செல்கின்றனர். அக்காருக்கு முன்னால் சாலையைக் கடப்பவரின் உயிரும் அந்தப் பிரேக்கை நம்பியே உள்ளது. சிறந்த பிரேக்கை விலைக்கேற்ற வசதியாகக் கருதாமல், எல்லாக் கார்களுக்கும் உரிய அடிப்படைத் தேவையாகக் கருதும் நிலைக்கு உலகம் வந்துசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.